பதினாறுக்குப் பதினாறு

கிளாக்ஸ்விக்கில்
யார் வீட்டில் யார் இருமினாலும்
மீன் ஆலையின் காலை ஷிஃப்டுக்குள் தெரிந்துவிடும்.
அதனால்தான் அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறந்தேன்.
இங்கே பார்ப்பது எதுவும் இங்கே தங்காது என்று
முதல் வரியிலேயே வாக்குக் கொடுத்த ஜன்னல்.

ஹானுஸின் படகு திரும்ப இன்னும் இரண்டு நாள்.
கடலுக்கு அந்தப் பக்கம், ஆல்போர்க்கில்,
ஓர் அறை.
குளியலறை பொது. நாய்க்கு அனுமதியில்லை.
எங்களிடம் நாய் இல்லை,
இருந்தும் அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றேன்.
மூடினேன். துடைத்தேன்.
மேசையையும் துடைத்தேன், எதற்கென்று தெரியாமல்.

வியாழக்கிழமை
ரொட்டி மாவுக்கு அளவு தேடி
ஒரே ஓர் எழுத்துதான் தட்டினேன்.
சரிந்து விழுந்த பட்டியலில், கடுகளவு,
ஒரு சிவப்புக் கதவு.
பதினாறு புள்ளி அகலம், பதினாறு புள்ளி உயரம்.
பக்கத்தை மறந்துவிட்டது பிரவுசர்.
அதன் நெற்றிப்பொட்டு மட்டும் அழியவில்லை.

அமைப்புகளுக்குள் இறங்கினேன்.
கிடங்குக்குள் கிடங்கு.
ஏழாவது தட்டில்,
வசந்தத்தில் வந்த ஏதோ ஒரு புதுப்பிப்போடு
தானாக எரியத் தொடங்கிய சுவிட்ச்:
'உங்கள் வசதிக்காகச் சின்னங்களைச் சேமிக்கிறோம்.'
என் வசதி!
என்னைக் கேட்டிருந்தால்
ஒரு தாழ்ப்பாள் கேட்டிருப்பேன்.
அணைத்தேன்.
மூடித் திறந்தபோது எரிந்துகொண்டிருந்தது.

சேமித்ததெல்லாம் வரிசையாக இருந்தன.
வானிலை மேகம், வங்கியின் செம்மறி ஆடு,
என் கதவு,
பக்கத்திலேயே ஒரு நீலக் குடை.
நான் விரித்த குடை அல்ல.
பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது,
'கடனிலிருந்து மீள்...'
தேதி மட்டும் முழுதாக.

அன்று எனக்கு இரவு ஷிஃப்ட்.
விடியலில் வந்தபோது உட்கார்ந்தே இருந்தான்.
ஏன் தூங்கவில்லை என்றேன்.
காற்று, என்றான்.
கூரைப் புல் கூட அசையாத இரவு அது.

கிளிக் செய்யவில்லை.
விரல் குடையின் மேலேயே நின்று
வியர்த்தது.

சனிக்கிழமை வந்தான், உப்பு நாற்றத்தோடு.
நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்க
லேப்டாப்பைத் திறந்தான்.
டக். ஓர் எழுத்து.
பிறகு நெடுநேரம்
எந்த எழுத்தும் இல்லை.

முதுகு காட்டியபடியே உரித்தேன்,
தோல் அறாமல், ஒரே நாடாவாக.

குடையை நேற்றே அழித்துவிட்டேன்.
கதவை
அழிக்கவில்லை.