பதினெட்டுக்கு ஒன்பது

சங்கானைச் சந்தையில் இன்றைக்கு
ஒரு முட்டை அறுபத்திரண்டு ரூபாய்.
போன தவணை இருபத்தெட்டு.
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுக்
கொப்பியை மூடினேன்.
கழித்துப் பார்க்கவில்லை.

அணியில் பதினெட்டுப் பேர்.
கத்தி வைத்தால் மஞ்சள் கத்தியோடு போய்விடும் என்று
இராசமலர் அக்கா
அவித்த முட்டையைத் தையல் நூலால் அறுக்கிறா.
ஒரு நுனி பல்லில், மறு நுனி விரலில்.
பாதிகள் சரிசமமாய் விழவேண்டும்.
பிசகினால், பின்களப் பிள்ளைகள்
முன்களத்தின் கோப்பையைப் பார்ப்பார்கள்.
அன்றைக்குப் பந்து கைமாறாது.

கௌபி. முருங்கையிலை வறை.
சூடை மலிந்த நாளில் சூடைத் தீயல்.
சூடை மலிந்து கனநாள்.

ஐந்தாம் வகுப்போடு முடிகிறது அரசாங்கச் சோறு.
ஆறாம் வகுப்பில் பசியும்
பாஸாகிப் போய்விடும் என்று
யாரோ நினைத்திருக்கிறார்கள்.
இந்த வயதில்தான் எலும்பு நீளுகிறது.
மாதத்தில் ஐந்து நாள் இரத்தம் போகிறது.
அதற்கு மேலே
மைதானத்தை ஆறு தரம் சுற்று என்று
நான் வேறு விசில் ஊதுகிறேன்.
ஊதுகிற அதே வாயால்
காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால்
பிளேன்ரீ மிஸ்,
பிளேன்ரீ மிஸ்,
ஒருத்தி மட்டும், பணிஸ் மிஸ், பாதி.

செவ்வாய்க்கிழமை
கோல் கம்பத்துக்கு நடுவில் யதுர்சினி
வந்த பந்தை ஒற்றைக் கையால் பிடித்தாள்.
மற்றக் கைக்கு என்னடி என்று கத்தினேன்.
கையுறையைக் கழற்றினாள்.
உள்ளே அரை முட்டை,
நசுங்கி, விரல்களுக்கிடையில் மஞ்சளாய்.
"ஆறு மணிக்குத்தான் மிஸ் சரியாப் பசிக்கும்.
அதுக்கு வைச்சனான்."

ஒருவரும் சிரிக்கவில்லை.
பந்து தானாக உருண்டுபோய்
கிளுவை வேலியில் நின்றது.
அவள் கையுறையை உள்பக்கம் புரட்டி
ஆறுதலாக நக்கி முடிக்கும்வரைக்கும்
எல்லோரும் சப்பாத்து நாடா கட்டினோம்,
சப்பாத்தில்லாதவளும் குனிந்துகொண்டு.
பிறகு விசில்.
கோணர் கிக்.

வெள்ளிக்கிழமை ஸ்காபரோவிலிருந்து
பழைய மாணவி ஒருவர் காசு அனுப்பினா.
நல்ல மனுசி. மூன்று கிழமைக்குக் காணும்.
ஒரு படம் மட்டும் கேட்டா,
பிள்ளைகள் சாப்பாட்டோடு சிரிக்கிற மாதிரி.

"படமெண்டால் முழு முட்டை வையுங்கோ மிஸ்"
என்றாள் நிதுசா, எங்கள் கப்டன்.
சொன்னபடியே வைத்தோம்.
முன்வரிசையில் ஒன்பது பேர் குந்தி,
ஒன்பது கோப்பை, ஒன்பது முழு முட்டை.
பின்வரிசையில் ஒன்பது பேர்
வெறுங்கையை முன்வரிசையின் தோளில் போட்டு.
நன்றாகத்தான் சிரித்தார்கள்.
சிரிப்பு பொய்யில்லை.

போனைப் பைக்குள் வைத்தேன்.
அக்கா நூலைப் பல்லில் கடித்தா.

இரவு கொப்பியில்
கடைசி வரியாய் எழுதினேன்:
நூற்கட்டை ஒன்று, வெள்ளை,
நூற்றிருபது ரூபாய்.