மை இல்லாத தாள்

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் கடை.
இரண்டு கவுண்டர். கதவோரத்தது என்னுடையது.

மெஷினுக்கு யாரும் மை ஊற்றுவதில்லை.
வந்த முதல் நாள் அதைத்தான் கேட்டேன்.
"சூடு பட்டால் எழுத்து வரும் கா" என்று
வெறுந்தாளில் நகத்தால் ஒரு கோடு இழுத்தாள் றிஸ்வியா.
கறுப்பாய் வந்தது.

நாளைக்கு நானூறு பில்.
பால்மா, மீன் டின், பெம்பர்ஸ்.
"பில் வேணாம்" என்பவர்களுக்கும் மெஷின் அடிக்கும்.
கிழித்து, மிச்சக் காசோடு நீட்டி,
கிருமிக்குப் பயந்து போத்தலை அமுக்கிக் கை தேய்த்து,
ஈரம் காயுமுன் அடுத்த பில்.
பெருவிரலில் மாப் பூசியது போல ஒரு வழுவழுப்பு.
மதியம் அதே விரலால்
லஞ்ச் சீட்டில் ஒட்டிய சுடுசோற்றைப் பிசைவேன்.

ஐந்தாம் மாசக் கிளினிக்.
"டிலக்சினி, என்ன வேலை?" என்றார் மிட்வைஃப்.
சொன்னேன்.
பிரஷர் எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது.

"அந்தத் தாளில ஒரு மருந்து பூசியிருப்பாங்க.
கட்டிப் பிளாஸ்டிக்கிலயும் அதுதான்.
தோலால இறங்கும்.
உள்ளுக்குப் போய் ஹோமோன் மாதிரி நடிக்கும்.
உடம்பு, நம்மட ஆள்தானே என்டு கதவத் திறக்கும்."

எவ்வளவு பட்டால் என்ன ஆகும் என்றேன்.
"அது சரியாத் தெரியா, மகள்.
தெரியாததாலதான் சவர்க்காரம் போடச் சொல்றன்.
போத்தல் மருந்து வேணாம், அது தோல இளக்கிவிடும்.
சோறும் பீங்கானில சாப்பிடுங்க."

முதலாளியிடம் கையுறை கேட்டேன்.
"வாறவன் நமக்கு ஏதோ வருத்தம் என்டு நினைப்பான்."

மற்றக் கவுண்டரில் இருந்து
சிரிக்காமல் பார்த்தாள் றிஸ்வியா.
அவளுக்கு இரண்டு தங்கவில்லை.
அதற்கும் இதற்கும் நான் முடிச்சுப் போடவில்லை.
அவளும் போடவில்லை.
பின்னேரம் இருவருமாய் ஒரு சவர்க்காரக் கட்டி எடுத்து
காசு போட்டோம்.
அதற்கும் ஒரு பில் வந்தது.
எடுக்காமல் விட்டோம், மெஷின் வாயில்
நாக்குப் போலத் தொங்கியது.

நேற்று ஸ்கான்.
இருட்டறை. வயிற்றில் குளிர்ந்த களி.
திரையில் கோர்த்த பாசிமணியாய் ஒரு முதுகெலும்பு,
உதைக்கிற ஒரு கால்.
பிறகு மூலையில் ஏதோ "கிர்ர்" என்றது.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

டொக்டர் கிழித்து நீட்டினார்.
"வெயிலில வைக்காதீங்க, அழிஞ்சு போகும்."
வெளியே வாங்கில் இருந்து
ஓரத்தில் நகத்தால் மெல்ல ஒரு கோடு இழுத்தேன்.
கறுப்பு.

நானூறு தாள் தொட்ட கை
இந்த ஒன்றைத் தொடத் தயங்கி நின்றது.
பிறகு சோல் நுனியால் பிடித்துக்கொண்டு
பாண்டிருப்பில் பஸ் நிற்கும்வரை பார்த்தேன்.

மூக்கு அவர்ட மூக்கு.