காலி எடை

பகாவ் செம்பனை ஆலையில்
பதினாறு வருடமாக எடைமேடை எனக்கு.
ஏற்றி வந்த எடை, இறக்கிப் போகும் எடை,
கழித்தால் குலை.
வெள்ளை நகல் ஆலைக்கு, மஞ்சள் தோட்டத்துக்கு,
இளஞ்சிவப்பு டிரைவருக்கு.
ஒன்பது ஆறாகிவிட்டால் அன்றைக்கே பிடித்துவிடுவேன்.
அதற்குத்தான் சம்பளம்.

அப்பா நாற்பத்து நாலில் போனார்.
தோட்டத்து டிரெஸர் மூலம் என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்.
செய்வினையோ என்று ஜெம்போல்வரை
கறுப்புக் கோழி தூக்கிக்கொண்டு போனோம்.
அண்ணன் பூபாலனுக்கு நாற்பத்தேழு. அதே குடல், அதே ரத்தம்.
அம்மா ஒரே சொல்லில் முடித்தாள்:
தலையெழுத்து.

சிரம்பானில் டாக்டர் நோர்ஹயாத்தி
எந்த எழுத்து என்று காட்டினார்.

உடம்பின் பாஷைக்கு நாலே எழுத்தாம்.
ஒரு செல் இரண்டாகும்போதெல்லாம்
புத்தகம் முழுக்க நகலெடுக்க வேண்டும்.
பிழை விழும். எல்லாருக்கும் விழும்.
பின்னாலேயே ஒருவன் வந்து திருத்திக்கொண்டே போவான்.
எங்கள் வீட்டில்
அந்தத் திருத்துகிறவனை எழுதிய வரியிலேயே பிழை.
வந்தே தீரும் என்றில்லை, வாய்ப்புதான் அதிகம்,
பாஹாம், காக்? என்றார்.
என்னிடமா கேட்கிறார்.

நாலு லிட்டர் மருந்துத் தண்ணீர், எலுமிச்சை வாடை,
விடிய விடியக் கழிவறை.
இரண்டு பாலிப், மிளகளவு. வெட்டியாகிவிட்டது.
இனி வருடா வருடம் இதே எலுமிச்சை.

உடன்பிறந்தோர் எத்தனை?
பாரத்தில் கேட்டிருந்தது.
அண்ணன் இல்லை. ஜொகூரில் தங்கை அஞ்சுகம்,
சொன்னதும் போனை வைத்துவிட்டாள்.
இரண்டு என்று எழுதினேன்.
பேனா மேலே எழவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆறாம் டிவிஷனில்
அப்பாவுக்கு இன்னொரு வீடு இருந்தது.
எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு
செருப்போடு வெளியிலேயே நிற்கும்.

4471 லாரி. லோகநாதன்.
ஏழு வருடமாக என் ஜன்னலுக்குக் கை நீட்டுகிறான்.
அப்பாவின் காது மடல்.
எத்தனை டன், மேடம்?
அவ்வளவுதான் நாங்கள் பேசிக்கொண்டது.

டிரைவர் இறங்க வேண்டாம் என்பது இங்கே வழக்கம்.
வரும்போதும் அவன் எடை உண்டு,
போகும்போதும் உண்டு.
கழிக்கையில் அவன் காணாமல் போவான்.

அவனுக்கு முப்பத்தெட்டு.
பாதிக்குப் பாதி என்றார் டாக்டர்.

இன்று இளஞ்சிவப்புச் சீட்டின் பின்னால்
மருத்துவமனை எண்ணை எழுதினேன்.
அப்பாவின் பெயர், வயது, என்ன நோய்.
கீழே அக்கா என்று எழுதி
அடித்தேன்.
திருத்தம் செய்த சீட்டு செல்லாது, சட்டம்.
அடித்ததன் மேலேயே மறுபடி எழுதிக் கொடுத்தேன்.

படித்தான். திருப்பி, குலைக் கணக்கைப் பார்த்தான்.
மறுபடி பின்பக்கம்.
எஞ்சினை அணைத்தான்.
பின்னால் மூன்று லாரி ஹாரன் அடிக்கிறது.
திரையில் 9,380 அசையவில்லை,
காலி லாரி,
அவனையும் சேர்த்து.