அழிப்பதற்கு முன்

எழுபத்தொரு பேர். பாடநூல் மூன்று.
ஆகவே பாடத்தைப் பலகையில் எழுதுகிறேன்.
பலகை என்றால் பலகையில்லை,
சுவரில் பூசிய கறுப்புச் சாயம்.
வலப்பக்கம் ஒரு கையகலம் பெயர்ந்து
உள்ளே செங்கல் தெரிகிறது.
அங்கே விழும் சொல்லை
அவரவர் ஊகித்துக்கொள்வது வழக்கம்.

மூன்றாம் பத்திக்கு இடம் வேண்டி
முதல் பத்தியை அழிப்பேன்.
கருத்தை மட்டும் கவ்விச் செல்லும் விரைவு வாசிப்பு என்று
பயிற்சிக் கல்லூரியில் ஒரு முழு நாள் சொல்லித் தந்தார்கள்.
இங்கே அதன் பெயர் ஈரத்துணி.
துணி என் கைக்கு வந்ததும்
கண்கள் ஓடும்,
கெலிமானே சந்தையில் கடைசி வேன் உறுமும்போது
மூட்டைகளோடு ஓடுகிறவர்களைப் போல.
எல்லாவற்றையும் ஏற்ற முடியாது.
எதை விட்டுவிட்டு ஏறுவது?
பாடம் அவ்வளவுதான்.

உதடு அசையாமல் படியுங்கள் என்று
பிப்ரவரியில் சொன்னபோது
தண்டனை என்று நினைத்தார்கள்.
எட்டு வருடம் கூடிக் கத்தியே படித்தவர்கள்.
பக்கத்து அறைக் கணக்கு ஆசிரியர் எட்டிப் பார்த்து
வகுப்பில் யாருமில்லையா என்றார்.
இருக்கிறார்கள், இங்கே இல்லை
என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

பெல்மீரோ வானொலிக்காரன் மாதிரி வாசிப்பான்.
என்ன வாசித்தாய் என்றால் கூரையைப் பார்ப்பான்.
ஒசூஃபோ வாய்விட்டு வாசித்தால்
சங்கிலி கழன்ற சைக்கிள்;
வகுப்பே சிரித்து முடிக்கக் காத்திருந்து
அடுத்த சொல்லை மிதிப்பான்.

இன்றைய பாடம் எங்கோ ஒரு குளிர் ஊர்.
அங்கே ஆற்றின் மேல் மனிதர்கள் நடக்கிறார்கள்.
கடை போடுகிறார்கள்.
ஒரு நாய் நடுவாற்றில் படுத்துத் தூங்குகிறது.
பிறகு ஏப்ரலில் ஒரு நான்கெழுத்துச் சொல் வருகிறது.
பிறகு படகுகள்.

அந்தச் சொல் எனக்குத் தெரியாது.
பள்ளி அகராதியின் பின்பாதியைக்
கரையான் படித்து முடித்துவிட்டது.
நேற்றிரவு மின்சாரம் இல்லை, போன் செத்துக் கிடந்தது.
எனவே வரியை அளந்து,
எழுத்துகளைக் கொஞ்சம் நெருக்கி,
அந்தச் சொல் சரியாகச்
செங்கல்லில் போய் விழும்படி எழுதினேன்.

ஓட்டைக்குள் என்ன டீச்சர் என்றாள் செலஸ்தீனா.
நீங்களே சொல்லுங்கள் என்றேன்,
ஆசிரியக் குரலில்.

பாலம், என்றார்கள். திருவிழா.
பெல்மீரோ எழுந்து நின்று, தேர்தல் என்றான்;
தேர்தல் முடிந்ததும் படகு வருமாம்.
வகுப்பு அடங்க நேரமானது.
ஒசூஃபோ ஆங்கிலத்தில் தொடங்கி
போர்த்துகீசியத்தில் தடுக்கி
சுவாபோவில் சொல்லி முடித்தான்:
முன்னால் நடந்தார்கள். பின்னால் துடுப்புப் போட்டார்கள்.
அப்படியானால் நடுவில்,
பத்து மணிக்கு மேல்
மீன்பெட்டிக்கு நடக்குமே, அது
ஆற்றுக்கு நடந்திருக்கிறது.

மீன்பெட்டி.
அடியில் சொட்டும் நீர், கலங்கல், கூடைக்காரிகளின் அவசரம்.
இந்த அறையில் யாரும் பனிக்கட்டியை
அதைவிடப் பெரிதாய்ப் பார்த்ததில்லை.
நானும்தான்.
சரியா டீச்சர், என்றார்கள்.
எனக்கும் தெரியாது, என்றேன்.
இப்போதுதான் தெரிந்தது.
துணியை எடுத்தேன்; யாரும் ஓடவில்லை.

மாலையில் அவன் சைக்கிள் டாக்சியில்தான் வீடு திரும்பினேன்.
பின்னிருக்கைக்குப் புது மெத்தை, சிவப்புக் குஞ்சம்.
காசு வேண்டாம் என்றான், கொடுத்தேன், வாங்கிக்கொண்டான்.
ஆஸ்பத்திரித் திருப்பம் தாண்டியதும்
திரும்பிப் பார்க்காமலே கேட்டான்:
அந்த நாய் என்ன ஆச்சு?

ஏழு முறை படித்திருக்கிறேன் அந்தப் பாடத்தை.
கீழே ஆறு கேள்விகள்.
ஆற்றின் பெயர் என்ன, படகுகள் எத்தனை,
சரியா தவறா.
நாயைப் பற்றி ஒன்றுமில்லை.

பள்ளம் வருது,
பிடிச்சுக்குங்க, என்றான்.