தாழ்நீர் அட்டவணை

அரோசா கழிமுகத்தில் கடல்
நாளுக்கு இருமுறை வெளியே போகும்,
யாரும் அழைக்காமலே திரும்பி வரும்.
என்னுடையதும் அப்படித்தான் என்றிருந்தேன்.

முதலில் கழிப்பறையில் மட்டும்.
முக்கி முடித்து எழும்போது
மெத்தென்று ஏதோ இறங்கி நின்று
நான் நிமிர்வதற்குள் தானே உள்ளே போனது.
மூலம் என்றார்கள் மருந்துக்கடையில்.
ஒரு வருடம் களிம்பு.

இரண்டாம் குளிர்காலத்தில்
விரலால் தள்ளினால்தான் போனது.
கதவைத் தாழிட்டு
ஒரு காலைத் தொட்டி விளிம்பில் வைத்து
ஈரத்துணியால், மெல்ல.
நாற்பது வருடம் சேற்றில்
பார்க்காமலே மட்டியைத் தடவி எடுத்த விரல்கள்
இதற்கும் பழகின.

அப்புறம் இருமினால் வந்தது.
வாளி தூக்கினால் வந்தது.
முடிவில், நடந்தாலே.
ரப்பர் கால்சட்டைக்குள் ஈரம்:
கடலா, சளியா, ரத்தமா,
அதைவிட மோசமானதா,
கரையேறும்வரை தெரியாது.
ரமிரோவுக்கு இரண்டு வருடம்
படுக்கையில் என் முதுகுகூடத் தெரியாது;
சோபாவில் தூங்கினேன், குறட்டையைக் குற்றம் சொல்லி.

மற்றவர்கள் கூட்டமாய் வாரும்போது
காற்று என்னைக் கடந்து கடலுக்குப் போகும் பக்கமாய்
தள்ளி நின்றேன்.
கர்வம் பிடித்தவள் என்றார்கள்.
இருக்கட்டும்,
கர்வத்துக்கு வாடை கிடையாது.

எருந்தினாதான் கேட்டாள், வாரியை நிறுத்தாமல்:
"எவ்வளவு வெளியே வருகிறது, டோசிண்டா?
கட்டைவிரல் அளவா, உள்ளங்கை அளவா?"
மட்டியின் அளவைக் கேட்பதுபோல.
அவளுடையதை ஆறு வருடத்துக்கு முன்பே
தைத்தாகிவிட்டதாம்.

பொந்தவேத்ராவில் டாக்டர், இளம்பெண்,
குந்தி முக்கச் சொன்னாள்.
மூன்று பெற்றபோதும் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.
குழாய் விட்டும் பார்த்தபின்
"புற்று இல்லை" என்றாள் முதலில்.
"ஆனால் தானாகச் சரியாகாது, உங்கள் வயதில்.
ஒவ்வொரு முறை இறங்கும்போதும்
வாசலை மூடும் தசை தளர்கிறது.
காத்திருந்தால் அது வேலையை மறந்துவிடும்."
வயிற்று வழியே மேலே இழுத்து
முதுகெலும்பின் அடியில் தைப்பார்களாம்.
"மறுபடி இறங்குமா?"
"சிலருக்கு இறங்கும்," என்றாள்.
பொய் சொல்லப் பழகாத வயது.

இப்போது ஐந்து மாதம்.
அது வருவதில்லை.
கசிவு எல்லா நாளும் இல்லை;
பையில் இன்னும் ஒரு துணி மடித்துக் கிடக்கிறது.
என் வாளியை எருந்தினா தூக்குகிறாள், ஏசிக்கொண்டே.

எடை போடும் வரிசையில் நிற்கையில்
உள்ளே இறுக்கி, பத்து எண்ணி, விடுகிறேன்.
மறுபடி இறுக்குகிறேன்.
முன்னால் நிற்பவள் மழையைப் பற்றிப் பேசுகிறாள்.
ஆமாம் என்கிறேன்,
ஆறு,
ஏழு.