இரண்டு மஞ்சள்

இரண்டும் ஒரே நூற்றாண்டில் கப்பலேறியவை.
ஒன்று கூண்டில்,
மற்றொன்று சாக்கில், வேலிக்கென்று.
ஒட்டாகோ மலைச்சரிவில் இறங்கியதும்
இரண்டும் அளவை மறந்தன.

எங்கள் பண்ணையின் முதல் கணக்குப் புத்தகத்தில்
'கோர்ஸ் விதை, இரண்டு பவுண்டு' என்று ஒரு வரி.
பத்துப் பக்கம் தள்ளி
'கோர்ஸ் வெட்டக் கூலி.'
அப்புறம் அந்தக் கூலி இல்லாத பக்கமே இல்லை.

குருவிக்கும் கணக்கு உண்டு.
விதைத்த ஓட்ஸைப் பொறுக்கியதற்காக
டஜன் முட்டைக்கு இத்தனை பென்னி,
பள்ளிக்கூடப் பையன்களுக்கு.
ஓட்டின் மேல் ஊதா மையில் கிறுக்கல்.
யாரும் வாசிக்கவில்லை,
எண்ணினார்கள்.

இந்த அக்டோபரில் மாராமா வந்தாள்,
கம்பளி சுற்றிய மைக்கோடு.
வேலிக்கம்பத்தில் மஞ்சள்தலை ஒன்று
டிடிடிடிடி என்று தந்தியடித்து
கடைசியில் ஒரு சீயை இழுத்தது.
"இந்த இழுப்பு
இங்கிலாந்தில் இப்போது கேட்பதில்லை" என்றாள்.
"சொந்த ஊர் மறந்த பேச்சை
உன் வேலியில் உட்கார்ந்து பேசுகிறது."

நான் தொட்டியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன்.
கவுன்சில் நோட்டீஸ் சட்டைப்பையில்:
முப்பதாம் தேதிக்குள் அகற்று.

சரிவு முழுக்கப் பூ.
வெயிலில் தேங்காய் வறுத்த வாசனை,
கையை நீட்டினால் ரத்தம்.
இது அவரைக்கு உறவென்றால்
அவரையே ஒப்புக்கொள்ளாது.
நெற்று பட் பட்டென்று தெறிக்கும்.
கொளுத்தினால் குஷியாக முளைக்கும்.
மண்ணுக்குள் பாதி ஆயுள் தூங்கிவிட்டு
நேற்று விழுந்ததுபோல் எழும்.

மாராமா குனிந்து
ஒரு கிளையை பூட்ஸால் ஒதுக்கினாள்.
உள்ளே இருட்டு, ஈரம்.
அதில் முழ உயரத்துக்கு
மாஹோயி கன்றுகள்,
எந்தக் கப்பலுக்கும் முந்தைய மரத்தின் பிள்ளைகள்.
காற்றும் என் ஆடுகளும் தொடாமல்
முள் அவற்றைப் பொத்தி வைத்திருக்கிறது.
வேர்முடிச்சில் உரம் வேறு.
அவை தலைக்கு மேல் போனதும்
அந்த நிழலில் இது செத்துப்போகுமாம்.

ஒன்று, விட்டு வந்த ஊரின் பேச்சை விடவில்லை.
மற்றது, வந்து சேர்ந்த ஊரை வளர்த்துவிட்டு
வழிவிடுகிறது.
எது நல்ல விருந்தாளி என்று கேட்டேன்.
மாராமாவின் ஆட்கள்
எங்களுக்கு ஐந்நூறு வருஷம் மூத்தவர்கள்.
"நீ எது, டூகல்?" என்றாள்.

"எவ்வளவு நாள் ஆகும், மரமாக?"
"முப்பது வருஷம்."
எனக்கு அறுபத்தெட்டு.

சாயங்காலம் கவுன்சிலுக்கு போன் போட்டு
பம்ப் பழுது என்றேன்.
நன்றாகத்தான் ஓடுகிறது.
மருந்தைக் கொட்டிவிடவும் இல்லை,
மூடி வைத்திருக்கிறேன்.

வேலிக்கம்பத்தில் அது
அதே வாக்கியத்தை
மறுபடி முதலிலிருந்து.