குத்தகைக் காலம்

பீல் நகரத்தில் தெருவுக்கு இரண்டு பெயர்.
ஒரே பலகையில் மேலே ஜெர்மன், கீழே பிரெஞ்சு.
எதை எழுதினாலும் கடிதம் போய்ச் சேரும்.

திங்கள், எட்டேகால். காப்புறுதி அலுவலகம், மூன்றாம் மாடி.
இருபத்துமூன்று கணினிகளில் ஏழுக்கு இணையம் இல்லை.
பிரிண்டரை அவற்றுக்கு அடையாளமே தெரியவில்லை.
"நேற்றுவரை நன்றாக இருந்ததே" என்றார் திருமதி ஏஷ்லிமான்.
நேற்று ஞாயிறு என்று நான் சொல்லவில்லை.

கறுப்புத் திரையைத் திறந்து கேட்டேன்: நீ எங்கே இருக்கிறாய்?
பத்தில் தொடங்க வேண்டிய எண்
நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்கியது.
உடம்பு இங்கே, விலாசம் வேறெங்கோ.

கணினி விழித்தவுடன் இருட்டைப் பார்த்துக் கூவும்:
யாராவது எனக்கொரு விலாசம் தாருங்கள்.
முதலில் நீளும் கையை நம்பிவிடும்,
யார் எவர் என்று விசாரிக்காது.
(ஒருவருமே பேசாவிட்டால்
தானாக ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டு சும்மா இருக்கும்.
அந்த எண்ணைக் காணும்போதெல்லாம்
எனக்கு என்னவோ போலிருக்கும்.)

ஆக, இந்த மாடியில்
சர்வரை முந்திக்கொண்டு யாரோ விலாசம் வழங்குகிறார்கள்.

பன்னிரண்டு எழுத்தில் அந்த யாரோவின் அடையாளம்.
சுவிட்சின் அட்டவணையில் தேடினால் பதினேழாம் துளை.
பதினேழின் வயர் சுவருக்குள் போய்விட்டது,
சீட்டு உரிந்த இடத்தில் பென்சிலால் "ஜன்னல்" என்று மட்டும்.
ஜன்னல்கள் ஒன்பது.

ஆறாவதன் கீழே முழங்காலிட்டபோது
ஹீட்டருக்குப் பின்னால், தூசியோடு, ஒரு தோடம்பழத் தோலோடு,
வெள்ளைப் பெட்டி ஒன்று
பச்சைக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு இன்னொரு துளை தேவைப்பட்டது" என்றார் ஜான்ரே.
பிறகு, கேட்காமலே,
"அம்மாவினுடையது. முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார்.
வீட்டைக் காலி செய்தபோது இதை எறிய வரவில்லை."
அடிப்பக்கத்தில் நடுங்கும் எழுத்தில் கடவுச்சொல்.
ஒரு பூனையின் பெயராக இருக்க வேண்டும்.

சாவி ஒப்படைத்தாகிவிட்டது. சுவரில் வேறு நிறம் அடித்திருப்பார்கள்.
பெட்டிக்கு யாரும் சொல்லவில்லை.
வெள்ளிக்கிழமையிலிருந்து அது
கேட்டவர்களுக்கெல்லாம்
அந்த வரவேற்பறையின் எண்களை
எடுத்து எடுத்துக் கொடுத்திருக்கிறது.

பிடுங்கினேன்.
மேசை மேசையாகப் போய்
பழையதை விடு, புதியதைக் கேள் என்று தட்டினேன்.
பத்து. பத்து. பத்து.
பிரிண்டர் இருமி, அறுபத்திரண்டு பக்கம் துப்பியது.
சுவிட்சுக்கும் ஒரு பூட்டு:
இனிமேல் சர்வரின் துளையைத் தவிர வேறெதுவும் விலாசம் தர முடியாது.

அறிக்கையில் எழுதினேன்: அனுமதியில்லாத சாதனம், அகற்றப்பட்டது,
ஒன்றரை மணி நேரம்.
யாருடையது என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

திருமதி ஏஷ்லிமான் மட்டும் விசைப்பலகையில் கை வைக்க விடவில்லை.
காலாண்டுக் கணக்கின் நடுவில் இருக்கிறேன்,
இணையம் வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்றார்.

ஜான்ரேயின் தோள்பையில் பெட்டி
தன் வயரையே சுற்றிக்கொண்டு அணைந்து கிடந்தது.
அந்த ஒரு கணினி
மாலை நாலரைக்குக் குத்தகை முடியும்வரை
பூனை இருந்த வீட்டில்
கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது.